எலியாக்கிம் ஸ்பூனருக்கு யாக்கோப்பு என்ன முறை?

1

இந்தக் கதை என் கற்பனையில் பிறக்கவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது ஒரு படிவத்தில் பிறந்தது. பதினான்கு பெட்டிகள் கொண்ட இளமஞ்சள் நிறப் படிவம். அமெரிக்காவின் அயோவா மாநிலத்திலிருந்து 1994 ஏப்ரலில் லண்டனின் கோலியர்ஸ் வுட்டுக்கு வந்து சேர்ந்தது. அதை நிரப்பியவன் நான். பொய் எழுதியவனும் நானே. [இதை இவ்வளவு சீக்கிரம் சொல்லியிருக்கக் கூடாது. கதையென்றால் கொஞ்சம் மர்மம் வேண்டாமா? சரி, சொல்லியாயிற்று.]

என் பெயர் பரமேஸ்வரன். பெற்றோல் நிலையத்தில் வேலை. ஒரேயொரு சிறுகதைத் தொகுப்பு வெளியிட்டிருக்கிறேன். முந்நூறு பிரதிகள் அடித்ததில் இருநூற்று நாற்பத்தொன்று இன்னமும் என் கட்டிலுக்குக் கீழே இருக்கின்றன. ஆனாலும் லண்டனில் என் எழுத்தை உன்னிப்பாக வாசித்த ஒரு கூட்டம் உண்டு. 1985 முதல் நம்மவர்களின் அகதி விண்ணப்பங்களை ஆங்கிலத்தில் நிரப்பிக் கொடுப்பவன் நான்தான். என் வாக்கியங்களுக்கு அடிக்கோடிட்டு, ஓரத்தில் கேள்விக்குறி போட்டு, ஆளைத் திரும்பக் கூப்பிட்டு விசாரித்த அதிகாரிகளைப் போன்ற வாசகர்கள் வேறெந்த எழுத்தாளனுக்கும் வாய்த்திருக்க மாட்டார்கள்.

அந்த வேலையில் எனக்கு ஒரே ஒரு விதி. எந்தப் பெட்டியையும் வெறுமையாக விடக்கூடாது. வெறும் பெட்டி என்றால் நிராகரிப்பு. தெரியாதென்றால் தெரியாது என்று எழுத வேண்டும், அதையும் ஒரு முழு வாக்கியமாக எழுத வேண்டும். இந்த விதியைத் தயவுசெய்து ஞாபகம் வைத்திருங்கள். கடைசியில் உங்களுக்குத் தேவைப்படும்.

2

தொடக்கம், முதலாவது முயற்சி:

‘1838ஆம் ஆண்டு வைகாசி மாதம். எல்லையில்லாத புல்வெளி. எலியாக்கிம் ஸ்பூனர் மாட்டுவண்டியை நிறுத்தி, நெற்றி வியர்வையைச் சால்வையால் துடைத்து—’

அயோவாவில் சால்வையா?

இரண்டாவது முயற்சி:

‘அவனுடைய மனைவி சோளமாவைப் பதமாக வறுத்து, பிட்டாக அவித்து, பிள்ளைகள் பதினொருவருக்கும் பகிர்ந்து—’

வேண்டாம்.

மூன்றாவது முயற்சியில், தூரத்தே ஒற்றைப் பனை தெரிந்தது. அதோடு நிறுத்திவிட்டு டூட்டிங் நூலகத்துக்குப் போனேன். அயோவாவில் பனைமரம் இல்லை என்பதை அங்கே உறுதிப்படுத்திக்கொண்டேன். படிவம் கேட்ட அந்த மூதாதை எலியாக்கிமைப் பற்றி எனக்குத் தெரிந்தது மிகக் கொஞ்சம். வெர்மொன்டில் பிறந்தார், மேற்கே போனார், புல்வேரோடு வெட்டிய மண்கட்டியால் வீடு கட்டினார், சோளம் விதைத்தார், கோழி வளர்த்தார். ஆகவே அவரை அவருடைய புல்வெளியிலேயே விட்டுவிட்டு, எனக்குத் தெரிந்த ஸ்பூனரிடம் வருகிறேன்.

3

எனக்குத் தெரிந்த ஸ்பூனரின் பெயர் யாக்கோப்பு. யாக்கோப்பு ஸ்பூனர். ஊர் வட்டுக்கோட்டை. நாற்பத்துமூன்று வயது. விமானப் பயணிகளுக்கான சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்கும் வேலைக்கு ஹவுன்ஸ்லோவுக்குப் போய்வருகிறார். தட்டில் அவர் வைப்பது கரண்டி. [ஸ்பூனர் என்பவர் கரண்டி வைக்கிறார். இது நான் கட்டிய கதையாக இருந்தால் இந்த வரியை வெட்டியிருப்பேன். உண்மை என்பதால் வேறு வழியில்லை.]

தமிழருக்கு எப்படி இந்தப் பெயர் என்று கேட்பீர்கள். நூற்றைம்பது வருடங்களுக்கு முன்னர் அமெரிக்க மிஷன்காரர்கள் யாழ்ப்பாணத்தில் விடுதிப் பள்ளிக்கூடங்கள் நடத்தினார்கள். அமெரிக்காவிலுள்ள ஒரு குடும்பம் இங்கே ஒரு பிள்ளையின் படிப்பைப் பொறுப்பேற்றால், அந்தப் பிள்ளைக்குத் தங்கள் பெயரை வைக்கலாம். காலையில் கதிர்காமனாகப் பள்ளிக்கூடம் போன யாக்கோப்பின் முப்பாட்டன், மாலையில் எலியாக்கிம் ஸ்பூனராகத் திரும்பி வந்தார். அயோவாக்காரரின் அதே பெயர், எழுத்துப் பிசகாமல்.

இந்தப் பெயர் யாக்கோப்பை லண்டனில் படுத்தியது. 1986இல், பெயர் சொல்ல நான் விரும்பாத ஓர் அலுவலகம் அவருக்கு இப்படி எழுதியது: ‘விண்ணப்பதாரர் தம்மை யாழ்ப்பாணத் தமிழர் என்கிறார். ஸ்பூனர் என்பது தமிழ்ப் பெயர் அன்று. இப்பெயர் இவருடையது என்பதை ஏற்க இயலவில்லை.’ பிறகு மேல்முறையீட்டில் அவரை நாட்டில் இருக்க விட்டார்கள். ஆனால் அந்த வாக்கியத்தை யாரும் திரும்பப் பெறவில்லை. யாக்கோப்பு அந்தக் கடிதத்தை ஒரு பிளாஸ்ரிக் உறைக்குள் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தார். ஊரில் ஞானஸ்நானப் பதிவேடு சண்டையில் போய்விட்டது. அவருடைய பெயர் அவருடையதுதான் என்று சொல்ல உலகத்தில் ஒரு துண்டுக் காகிதமும் மிஞ்சவில்லை.

அவருடைய மனைவி இசபெல். மன்னார்க் கத்தோலிக்கக் குடும்பம். கோலியர்ஸ் வுட்டில் மிகச் சிறந்த கட்லட் அவருடையது, ஞாயிற்றுக்கிழமை தவிர. ஞாயிற்றுக்கிழமைகளில் யாக்கோப்பு வீட்டில் முட்டை கிடையாது. உருண்டைகளை முட்டையில் தோய்க்காமல் மாக்கரைசலில் தோய்ப்பதால் மேலே புரட்டும் பாண்தூள் பிடிக்காது. கையில் எடுத்தால் பாதி கம்பளத்தில்.

“எங்களுக்கு வெள்ளிக்கிழமை இறைச்சி இல்லை, அதுக்கொரு காரணம் இருக்கு,” என்பார் இசபெல். “இவரிட்டை முட்டைக்குக் காரணம் கேட்டா, அப்பா சாப்பிடேல்லை, அப்பான்ரை அப்பா சாப்பிடேல்லை எண்டுறார். மற்ற மிஷன்காரர் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை முட்டைப்பொரியல் சாப்பிட்டிட்டுத்தானே சேர்ச்சுக்குப் போகினம்?”

[இந்தக் கட்லட் பகுதி கதைக்குத் தேவையில்லை என்று வெட்டப் பார்த்தேன். கைப்பிரதியை வாசித்த இசபெல் விடவில்லை. அவரைப் பற்றி இருப்பதே அவ்வளவுதானாம்.]

4

அயோவாவில் மார்ஜரி ஸ்பூனர் என்றொரு பெண்மணி. ஓய்வுபெற்ற பள்ளி நூலகர். எலியாக்கிம் ஸ்பூனரின் குடும்ப வரலாற்றைத் தடித்த அட்டையோடு ஒரு புத்தகமாகக் கொண்டுவர முடிவு செய்தவர். லண்டன் தொலைபேசிப் புத்தகத்திலிருந்த ஸ்பூனர்கள் எல்லோருக்கும் படிவம் அனுப்பினார். அதில் ஒன்று யாக்கோப்புக்கு வந்தது. யாக்கோப்பு அதை என்னிடம் கொண்டுவந்தார்.

“பரமண்ணை, இதையொருக்கா நிரப்பித் தாங்கோ. அந்தப் புத்தகத்திலை என்ரை பேர் என்ரை பேர் எண்டு அச்சிலை வந்தாக் காணும்.”

“நீர் அவையளுக்குச் சொந்தமோ?”

“இல்லை அண்ணை. பேர் மட்டும்தான்.”

பெயர் மட்டும்தான்! இதை எந்த அதிகாரி ஏற்பார்? இது குடும்ப வரலாறு, விசா அல்ல என்பது அந்த நேரத்தில் என் மண்டையில் ஏறவில்லை. ஒன்பது வருடப் பழக்கம். பேனையை எடுத்தேன்.

ஏழாவது பெட்டி: உங்கள் கிளை அமெரிக்காவை விட்டு எப்போது, எதற்காகப் புறப்பட்டது?

என் பதில், சுருக்கமாக: ‘எலியாக்கிமின் தம்பி யோசியா ஸ்பூனர், ஒரு மாடு தொடர்பான தகராற்றில் அண்ணனால் தாக்கப்பட்டு, தமது உயிருக்கு ஆபத்து என்று நியாயமாக அஞ்சி, மூன்று நாட்கள் சோளக்காட்டில் ஒளிந்திருந்தார். பின்னர் ஆட்களைக் கள்ளமாகக் கடல் கடத்தும் ஒரு ஏஜென்சிக்காரரின் உதவியோடு பொஸ்டன், காலி வழியாக யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறையை அடைந்தார். ஏஜென்சிக்காரரின் உண்மைப் பெயர் தெரியாது. திரும்பிப் போனால் மறுபடி தாக்கப்படுவார்.’*

அங்கேயே ஒரு தமிழ்ப் பெண்ணை மணந்தார் என்று முடித்து, பதினான்கு பெட்டிகளையும் நிரப்பிக் கையெழுத்து வாங்கி அனுப்பினேன். யாக்கோப்பு வாசித்துப் பார்க்கவில்லை. அவருக்கு என்னில் அவ்வளவு நம்பிக்கை. எனக்கு இப்போது அதை நினைக்க வெட்கமாக இருக்கிறது.

* யோசியா 1841இல் ஓடினார் என்று எழுதியிருந்தேன். 1994இல் அவர் எங்கே திரும்பிப் போவது என்ற கேள்வி எனக்கு எழவில்லை. அந்த வசனம் இல்லாமல் நான் எந்தப் படிவத்தையும் முடித்ததில்லை.

5

மூன்று வாரத்தில் பதில் வந்தது. ‘உங்கள் படிவத்தைக் கண்ணிமைக்காமல் வாசித்தேன். ஓகஸ்ட் மாதம் நேரில் வருகிறேன். மார்ஜரி.’

அப்போதுதான் யாக்கோப்பு யோசியாவைப் பற்றிக் கேள்விப்பட்டார். அவருடைய முகம் போன போக்கை எழுத—

[எழுதமாட்டேன்.]

“என்னண்ணை இது? ஆரிந்த யோசியா?”

“எழுதியாச்சு. இனி மாத்த ஏலாது. வாக்குமூலத்துக்கு முரணாக் கதைச்சா எல்லாம் போச்சு. நான் சொல்லித்தாறன், பாடமாக்கும்.”

ஜூலை மாதம் முழுக்கப் பயிற்சி. நான் அதிகாரி, அவர் விண்ணப்பதாரர். கப்பல் எப்படி இருந்தது? இருட்டாக இருந்தது. ஏஜென்சிக்காரரின் பெயர்? உண்மைப் பெயர் தெரியாது. மாடு என்ன நிறம்? இந்தக் கேள்விக்கு மட்டும் அவர் ஒவ்வொரு முறையும் வேறு வேறு நிறம் சொன்னார். பெரிய பலவீனம் அது.

6

ஓகஸ்ட் மாதம், ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம். மார்ஜரி ஸ்பூனர் வந்தார். எழுபத்தொரு வயது. ஓட்டப் பயிற்சிச் சப்பாத்து, கழுத்தில் கமெரா, தோளில் நீளமான ஒரு குழாய். கதவைத் திறந்த யாக்கோப்பை நன்றாகப் பார்த்தார்.

[மார்ஜரி பேசியது ஆங்கிலத்தில். தமிழில் தருவதால் கொஞ்சம் அடக்கமானவராகத் தெரிவார், நம்பாதீர்கள். யாக்கோப்பின் ஆங்கிலத்தை அவருடைய தமிழிலேயே தருகிறேன். அவர் எந்த மொழியிலும் ஒரே மாதிரித்தான் கதைப்பார்.]

“உங்களுக்கு ஸ்பூனர் மூக்கு இல்லையே,” என்றார் மார்ஜரி.

யாக்கோப்பு தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தார்.

“நல்லதாகப் போயிற்று. எங்கள் மூக்கு யாருக்கும் வரக்கூடாது.”

குழாய்க்குள்ளிருந்து வம்சவரைபடம் வெளியே வந்தது. தொலைக்காட்சிப் பெட்டியடியில் விரிக்கத் தொடங்கி, குசினி வாசலில் முடிந்தது. நாங்கள் ஸ்பூனர்களை மிதிக்காமல் சுவரோரமாக நடந்து மேசைக்குப் போனோம்.

“வேலைக்குப் போய்வரும் பயணமெல்லாம் சுகமாக இருக்கிறதா?” என்று மார்ஜரி மரியாதைக்குக் கேட்டார். யாக்கோப்பு நேற்று ஹவுன்ஸ்லோவிலிருந்து வந்ததைச் சொல்லியிருக்கலாம்.

“இருட்டா இருந்தது அம்மா. ஏஜென்சிக்காரரின்ரை உண்மைப் பேர் தெரியாது.”

மார்ஜரி கரண்டியைக் கீழே வைத்தார்.

“மிஸ்டர் ஸ்பூனர், எலியாக்கிமுக்குத் தம்பியே இல்லை. ஆறு சகோதரிகள். படிவத்தை வாசித்த அன்றே எனக்கு அது பொய் என்று தெரியும்.”

நான் என் தட்டிலிருந்த பருப்பைப் பார்த்தபடி இருந்தேன்.

“ஆனால் அந்த மாட்டுச் சண்டையை மூன்று தரம் வாசித்தேன். எங்கள் குடும்பத்தில் இவ்வளவு சுவாரசியமாக ஒன்றும் நடந்ததில்லை. யார் எழுதியது?”

இசபெல் அகப்பையால் என்னைக் காட்டினார். இருபது வருட எழுத்து வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு அப்படித்தான் கிடைத்தது.

யாக்கோப்பு எழுந்து நின்றார். நீதிமன்றத்தில் நிற்பது போல இரண்டு கைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

“அம்மா, நாங்கள் உங்கடை சொந்தம் இல்லை. பள்ளிக்கூடத்திலை தந்த பேர் இது. எட்டு வருசத்துக்கு முதல் ஒராள் எனக்கு எழுதினவர், இது உன்ரை பேர் இல்லை எண்டு. நீங்களும் அப்பிடி எழுதினா எனக்குக் கவலைதான். எண்டாலும் பொய் சொல்லி என்ரை பேரை நான் வாங்கமாட்டன்.”

நான் பயிற்சி கொடுத்த ஒரு வார்த்தைகூட அதில் இல்லை.

7

மார்ஜரி கைப்பையிலிருந்து ஒரு பழுப்புக் காகிதத்தை எடுத்தார். எலியாக்கிமின் பைபிளுக்குள் இருந்ததாம். அதை எழுதியது யாரென்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. குடும்பக் குழுவின் தலைவரான அவருடைய ஒன்றுவிட்ட தம்பி டுவெயின், யாரோ விளையாட்டுக்கு எழுதியது என்று தள்ளிவிட்டாராம். ‘வட்டுக்கோட்டை, 1847’ என்று மேலே இருந்தது. கீழே, உருண்டையான பள்ளிக்கூட ஆங்கிலத்தில்:

‘கனம் ஐயா, உங்கள் பெயர் எனக்கு வந்து சேர்ந்தது. நான் சிறியவன், பெயர் பெரியது. ஆனாலும் தொலைக்காமல் வைத்திருப்பேன். நீங்கள் விடுவதைப் போல நானும் ஞாயிறுதோறும் விட்டுவிடுகிறேன். எனக்குப் பிறக்கும் பிள்ளைகளும் விடுவார்கள். உங்கள் கோழிகள் சுகமா? இப்படிக்கு, எலியாக்கிம் ஸ்பூனர்.’

“இது உங்களுடைய ஆளாக இருக்கலாம் என்றுதான் வந்தேன்,” என்றார் மார்ஜரி. “ஆனால் பேரை மட்டும் வைத்து ஒருவரைச் சேர்க்க டுவெயின் விடமாட்டான். ஞாயிறுதோறும் எதை விட்டான் இந்தப் பையன்?”

ஒருவருக்கும் தெரியவில்லை. விருந்தாளியின் தட்டு வெறுமையாக இருந்தால் இசபெலுக்குத் தாங்காது. கட்லட் தட்டை நீட்டினார்.

“எடுங்கோ அம்மா. கொஞ்சம் உதிரும், குறைநினைக்காதேங்கோ. இவர் ஞாயிற்றுக்கிழமை முட்டை தொடமாட்டார், அதாலை நானும் போடுறேல்லை.”

மார்ஜரியின் கை தட்டுக்கு மேலே அப்படியே நின்றது.

“ஏன்?”

“அப்பா சாப்பிடேல்லை,” என்றார் யாக்கோப்பு. “அப்பான்ரை அப்பாவும் சாப்பிடேல்லை.”

“இதையேதான் என் அப்பாவும் சொன்னார்,” என்றார் மார்ஜரி. “இதே சொற்கள்.” பிறகு அழத் தொடங்கிவிட்டார். அழுதுகொண்டே சொன்னார். எலியாக்கிம் வீட்டுக் கோழிகள் ஞாயிற்றுக்கிழமை இடும் முட்டைகளை வீட்டில் யாரும் தொடமாட்டார்கள். அவை மிஷனுக்குரியவை. பிள்ளைகள் பதினொருவரும் அன்றைக்கு முட்டையில்லாமல் இருப்பார்கள். அந்த முட்டைகள்தான் எங்கோ ஒரு பையனைப் படிக்க வைத்தன என்று ஒரு பேச்சு குடும்பத்தில் இருந்தது. பையன் யாரென்று தெரியாது. மார்ஜரியின் அப்பா சாகும்வரை ஞாயிற்றுக்கிழமை முட்டை தொட்டதில்லை.

யாக்கோப்பு தட்டைப் பார்த்தார், கடிதத்தைப் பார்த்தார்.

“அப்ப அம்மா... கோழியள் இப்ப சுகமே?”

“ஆறு நிற்கின்றன,” என்றார் மார்ஜரி. “சுகமாக இருக்கின்றன.”

“நல்லாயிருக்கு,” என்றார் இசபெல். “நூத்தைம்பது வருசத்துக்கு முந்தின கோழிக்காக என்ரை கட்லட் உதிருது.” சொல்லிவிட்டு அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அழவில்லை. [அழுதேன்.]

8

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்கு வசதி. ஆனால் டுவெயின் இருக்கிறார். இரத்த உறவோ திருமண உறவோ இல்லாத ஒருவரைப் புத்தகத்தில் சேர்ப்பதா என்பதைக் குழுதான் தீர்மானிக்கும். படிவத்தில் இருப்பதை வைத்துத் தீர்மானிக்கும். விமானம் ஏறுமுன் மார்ஜரி புதிய படிவம் ஒன்றை என் கையில் தந்தார்.

“இந்த முறை பொய் எழுதாதீர்கள்,” என்றார். “ஆனால் போன முறையைப் போல நன்றாக எழுதுங்கள்.”

பதின்மூன்று பெட்டிகளை நிரப்பிவிட்டேன். நான்காவது மிச்சம். எலியாக்கிம் ஸ்பூனருக்கு நீங்கள் என்ன உறவு? மகன் வழி, மகள் வழி, திருமண வழி, வேறு. வேறு என்றால் ஒரு வரியில் விளக்க வேண்டும்.

‘வளர்ப்பு மகன் வழி’ என்று எழுதினேன். ஒருவரையொருவர் கண்டதேயில்லை. அடித்தேன். ‘கோழி வழி’ என்று எழுதினேன். உண்மைதான், ஆனால் டுவெயின் சிரிப்பார். ‘நீங்கள் கொடுத்ததைத் தொலைக்காமல் வைத்திருந்தவர்களின்—’ இடம் போதவில்லை. யோசியா இருந்திருந்தால் இவ்வளவு சிரமமில்லை.

கதைக்கும் முடிவுகள் யோசித்தேன். முதலாவதில் டுவெயின் ஒரு கொடியவர், மாட்டுத்தொழுவத்தில் கடிதத்தை எரிக்கிறார். அந்த மனிதரை நான் பார்த்ததேயில்லை, பாவம், விட்டுவிட்டேன். இரண்டாவதில் யாக்கோப்பு அயோவாவுக்குப் போய் அந்த ஆறு கோழிகளுக்கு முன்னால் தொப்பியைக் கழற்றுகிறார். அவரிடம் தொப்பி இல்லை.

நேற்று யாக்கோப்பு வந்தார்.

“எழுதியாச்சோ அண்ணை?”

“ஒரு பெட்டி கிடக்கு.”

“வெறுமையா விட்டிடாதேங்கோ,” என்றார், எனக்கே.

கையில் அந்தப் பிளாஸ்ரிக் உறை இருந்தது. உள்ளே பையனின் கடிதத்தின் நகல். அந்த அலுவலகத்தின் பழைய கடிதம் எங்கே என்று கேட்டேன்.

“இசபெல் அதிலை கட்லட் எண்ணெய் வடிய விட்டிட்டா. பறவாயில்லை அண்ணை. ஆனா புத்தகத்திலை வரவேணும். அந்தப் பெடியன் தொலைக்கமாட்டன் எண்டு எழுதினவன். தொலையேல்லை எண்டு அவையளுக்குத் தெரியவேணும்.”

அவர் போனபின் ஒரு மணிநேரம் பேனையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். நூற்றுக்கணக்கான பெட்டிகளை நிரப்பியவன். பொய் என்றால் கை ஓடுகிறது. உண்மைக்கு ஒரு வரி வரமாட்டேன் என்கிறது. ஆகையால் உங்களிடம் தருகிறேன். புத்தகம் மார்ச் மாதம் அச்சுக்குப் போகிறது, இந்தச் சஞ்சிகை பொங்கலுக்கு வெளிவரும் என்று ஆசிரியர் சத்தியம் செய்திருக்கிறார். காலம் இருக்கிறது.

4. எலியாக்கிம் ஸ்பூனருக்கு நீங்கள் என்ன உறவு?

வேறு (விளக்கவும்): ______________________________

இடம் ஒரு வரிதான். யோசித்து எழுதுங்கள். வெறும் பெட்டி என்றால் என்னவென்று இப்போது உங்களுக்கும் தெரியும்.